உனக்கும் ஒரு கப்

மாடிப்படியில் பாதி ஏறியதும் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவதுபோல் இருந்தது. தாடைவரை வலித்தது. நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். விட்டதும் பையை எடுத்துக்கொண்டு மேலே போனாள். கணவருக்கு கிரீன் டீ போடும் நேரம்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது வீடே தலைகீழாகிப்போனது. "என்னமோ பண்ணுது" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டவள் இவள்தான். செருப்புக்கூடப் போடாமல் அதில் ஏறினாள். மகன் அடுத்த விமானத்தைப் பிடித்து வந்தான். பெட்டியோடு வந்த நாத்தனார் இன்னும் திரும்பவில்லை. அவரோடு கிரீன் டீயும் குடிவந்தது. அதிலுள்ள ஆன்டி ஆக்ஸிடன்ட் ரத்தக் குழாயைக் கழுவித் துடைத்துவிடும் என்று போனில் வந்த வீடியோவை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். தண்ணீர் கொதிக்கக் கூடாது, இலை அதிகம் ஊறக் கூடாது, சர்க்கரை என்ற பேச்சே கூடாது. திரைச்சீலைக் கடையில் பகல் முழுக்க மிஷினில் குனிந்துவிட்டு வருகிறவள், இதையெல்லாம் ஒரு பிசகும் இல்லாமல் செய்தாள்.

தன் வலி முதலில் வந்த அன்றைக்கே அதைக் கணவரிடம் சொன்னாள். அவர் டிவியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"வாயுவா இருக்கும். எனக்குப் போடும்போது உனக்கும் ஒரு கப் சேர்த்துப் போட்டுக்க."

நாத்தனார், இந்த வயசில் பெண்களுக்கு இதெல்லாம் வரும் என்றார். மகன் போனில் பொறுமையாக விளக்கினான்: அது இதயத்துக்கு நல்லது, ஒரு மாசம் விடாமல் குடித்துப் பார்க்கலாம், அப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளும் குடித்தாள். முதலில் படியேறும்போது வந்த வலி, போகப் போகத் துணி மடிக்கும்போதே வந்தது.

ஒரு மதியம் வந்த வலி போகவே இல்லை. மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஒரு வண்டி பிடித்துத் தரச் சொன்னாள். வீட்டுக்குச் சொல்லட்டுமா என்று கடைக்காரம்மா கேட்டபோது வேண்டாம் என்றாள். வீட்டுக்கு வந்து படு என்பார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சின்னப் பெண். இரண்டு இடத்தில் அடைப்பு என்றாள். கிரீன் டீ விஷயத்தைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை.

"குடிங்க, தப்பில்ல. ஆனா அடைச்சுக்கிட்ட குழாயை டீ திறக்காதும்மா. இத்தனை நாளா வீட்ல யார்கிட்டயும் சொல்லலையா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன்."

சொல்லும்போதுதான் அது அவளுக்கே உறைத்தது. பயம் எங்கோ ஒதுங்கிப்போய், அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

கடைக்காரம்மா மனசு கேட்காமல் சொல்லிவிட்டிருந்தாள். கணவரும் நாத்தனாரும் வந்து சேர்ந்தபோது அவளைச் சக்கரக் கட்டிலுக்கு மாற்றியிருந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? என் மாத்திரையை வேற நீ எங்க வச்சிருக்கேன்னு தெரியல" என்றார் அவர்.

"சொன்னேங்க. உங்களுக்கு வந்தா நெஞ்சுவலி, எனக்கு வந்தா வாயு, இல்ல?"

இந்த நேரத்தில் எதற்கு இந்தப் பேச்சு என்று நாத்தனார் ஆரம்பித்தார்.

"அண்ணி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

முப்பது வருஷத்தில் அவள் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. குரல்கூட உயரவில்லை.

கட்டிலைத் தள்ளத் தொடங்கினார்கள். கணவர் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். தள்ளுகிறவரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் மூச்சு வாங்கினார். லிஃப்டுக்கு முன்னால் அவரை நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவர் சுவரில் சாய்ந்தார். வலது கை மெல்ல எழுந்து நெஞ்சின்மேல் பதிந்தது. என்னங்க பண்ணுது என்று கேட்க அவள் வாய் தானாகத் திறந்தது. அப்படியே மூடிக்கொண்டாள். லிஃப்டின் கதவு இரண்டு பக்கமிருந்தும் நகர்ந்து வந்தது. நடுவில் அவருடைய முகம், பிறகு அந்தக் கை மட்டும்.