கோபத்தில் பறித்த காய்

மனோதத்துவம் படித்தவனாம். மதுரையில் இரண்டு வருஷம் அதைப் படித்துவிட்டு, எழுபத்தொன்பதில் எங்கள் ஏலத்தோட்டத்துக்கு மேனேஜராக வந்து இறங்கினான் முதலாளி மகன் வெள்ளைத்துரை. அந்தப் படிப்பு நாசமாய்ப் போக!

மனுஷன் எதற்காக உழைக்கிறான் என்று எங்களையே கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு திரிவான். வயிற்றுக்குத்தான் என்றோம். இல்லையாம். உள்ளே ஓர் உணர்ச்சி கிளம்பினால்தான் கைகால் ஓடுமாம், அதில் கோபம்தான் முதல் தரமாம். எங்கள் மேலேயே சோதித்துப் பார்ப்பான் என்று யார் கண்டது?

நானும் முத்துப்பேச்சியும் போடியிலிருந்து தினமும் ஒரே ஜீப்பில் மெட்டு மலை ஏறி, பதினோரு வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் காய் எடுக்கிறவர்கள். என் பிரசவத்துக்கு அவள்தான் கூட நின்றாள். அவள் பிள்ளை செத்தபோது நான் கூட இருந்தேன். ஒருநாள் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சோலையம்மா, முத்துப்பேச்சி உன்னயக் காய் திருடிங்கிறா" என்றான். அவளிடமும் போய் என் பெயரில் அதையே சொல்லியிருக்கிறான். நேரில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அவ்வளவு ரோஷம்.

மூன்று நாள் முகம் பார்க்காமல் போட்டி போட்டு எடுத்தோம். எடை ஏறியது, அவனுக்குப் பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. மூன்றாம் நாள் எடை போடுகிற இடத்தில் அவள் கூடை என்மேல் இடித்தது.

"பெத்த பிள்ளையக் காப்பாத்தத் துப்பில்ல, நீ என்னயச் சொல்ல வந்துட்டியா?" என்றேன், அத்தனை பேர் முன்னாலும். அவள் கூடையைத் தராசில் வைத்துவிட்டு நடந்தாள்.

மறுநாள் காய் உலர்த்தும் ஸ்டோரில் பார்த்தால் பாதி பிஞ்சு. ஏலச் சரத்தில் முற்றின காயை மட்டும் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். பிஞ்சு உலர்ந்தால் சுருங்கிப் பதராகிவிடும். கோபத்தில் ஓடுகிற கைக்கு அதெல்லாம் தெரியுமா? முதலாளி போட்ட சத்தத்தில் மகன் மிரண்டு, தான் மூட்டிவிட்டதை ஒப்புக்கொண்டான்.

"எங்க வயித்தெரிச்சல நோட்டுல எழுதுறதுதான் ஒனக்குச் சோலியா?" என்று முதலாளி மகனென்றும் பார்க்காமல் அவனைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டு முத்துப்பேச்சியிடம் ஓடினேன். எல்லாம் அவன் பண்ணின வேலை, அவன் கிளப்பின கோபத்தில்தான் பேசிவிட்டேன் என்று கையைப் பிடித்து அழுதேன்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"திருடின்னது அவன், சரி. என் பிள்ள செத்தது அவனுக்கு எப்படித் தெரியும், சோலை? அது ஒன் வயித்துக்குள்ள இருந்துதான வந்துச்சு."

மறுநாளிலிருந்து அவள் வேறு தோட்டத்து ஜீப்பில் ஏறினாள்.