இரண்டு கோடுகள்

மூச்சு மெஷினின் குழாயைக் கழற்றப்போன டாக்டரின் கையை அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"மூச்சு வந்தா உடனே திரும்ப மாட்டிடுவீங்கல்ல?"

"வந்தாலும் மாட்டுவோம், வரலைன்னாலும் டெஸ்ட் முடிஞ்சதும் மாட்டுவோம்மா. பத்து நிமிஷம் பாக்கணும். அதுவரைக்கும் ஆக்ஸிஜன் போயிட்டேதான் இருக்கும். நீங்கதான் பக்கத்துல நிக்கணும்னு கேட்டீங்க. முடியலைன்னா வெளிய இருங்க."

"நிக்கிறேன்."

மூன்று நாளைக்கு முன்னால், ஒரு மூன்றாம் மாடியில் டிவி டிஷ்ஷைத் திருகிக்கொண்டிருந்த அவள் கணவர் விழுந்தார். நேற்று இதே சோதனையைச் செய்துவிட்டு, மூளை இறந்துவிட்டது என்றார்கள். மறுபடி ஒருமுறை பார்த்துத்தான் முடிவாக எழுதுவார்களாம். காகிதத்தில் எழுதிக் காட்டியதை அவள் நம்பவில்லை. நம்பாதே என்று சொல்லிக் கொடுத்ததே அவர்தான். டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்.என்.பி. டப்பாவில் இரைச்சல் அளவு என்று ஓர் எண் ஒட்டியிருக்கும். எண் சின்னதாக இருந்தால் சரக்கு நல்லது. அதனாலேயே நல்லது கெட்டது எல்லாவற்றிலும் 0.1 என்றே ஒட்டிவைப்பார்கள். "இந்த ஸ்டிக்கருக்கு வெக்கம் இருந்தா தானா உரிஞ்சு விழுந்துடும். எழுதினதை நம்பாத. மாட்டிப் பாரு" என்பார்.

அதனால்தான் இரண்டாவது சோதனையைத் தன் கண்முன்னே செய்யச் சொன்னாள்.

குழாய் கழன்றது. மெஷினின் பெருமூச்சு நின்றதும் அறை காலியான வீடு மாதிரி ஆகிவிட்டது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். இவள் அவர் நெஞ்சைப் பார்த்தாள்.

கால்மாட்டில் நின்ற கொழுந்தன் மானிட்டரில் ஓடும் இதயத்துடிப்பு எண்ணை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பஸ் ஓட்டுகிறவன், பாதி டூட்டியில் வண்டியை ஒப்படைத்துவிட்டு, காக்கிச் சட்டையோடேயே மூன்று நாளாக இங்கே கிடக்கிறான்.

"அண்ணி, எண்பத்தெட்டு!"

அவள் திரும்பவில்லை.

"தொண்ணூத்திரெண்டு! ஏறுது அண்ணி, பாருங்களேன்!"

பதினோரு வருஷமாக வாடிக்கையாளர்களின் போனை எடுத்தவள் அவள். எல்லாருக்கும் ஒரே புகார். டிவி திரையில் ரெண்டு கோடு இருக்கும்மா, மேல்கோட்டில் தொண்ணூறு காட்டுது, படம் மட்டும் வரல. அவர் சாப்பிட்டபடியே சத்தம் கொடுப்பார்: "மேல்கோடு ஸ்ட்ரெங்த். எல்.என்.பி. கரண்டைத் தின்னுட்டுத் தெம்பா உக்காந்திருக்குன்னு அர்த்தம். வேலை பாக்குதான்னு கீழ்க்கோட்டைக் கேக்கச் சொல்லு. குவாலிட்டி எவ்வளவாம்?"

குவாலிட்டி பூஜ்யம் என்பார்கள். பூஜ்யம் என்றாலும் அவர் அசரமாட்டார். டிஷ்ஷை ஒரு மயிரிழை திருப்பினால் பூஜ்யம் அறுபதாகும். ஒரு தடவை தண்ணீர்த் தொட்டி மேல் ரெண்டு மணிநேரம் குப்புறக் கிடந்து சிக்னலைப் பிடித்திருக்கிறார். "மேல இருந்து வந்துட்டேதான் இருக்கு. நாமதான் வேற பக்கம் பாக்குறோம்" என்பார்.

"கொஞ்சம்," என்றாள் அவள், அந்த நெஞ்சிடம். "இன்னும் கொஞ்சங்க. இன்னும் ஒரே ஒரு..."

"நாலு நிமிஷம்," என்றாள் நர்ஸ்.

விலா எலும்புகளுக்குக் கீழே, போர்வை லேசாக நடுங்கியது.

"அசைஞ்சுது! டாக்டர், அசைஞ்சுது! நான் பாத்தேன்! தம்பி, நீயும் பாத்தல்ல?"

டாக்டர் குனிந்து அவர் வயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அவளுடைய விரல்களைத் தொட்டார்.

"நீங்கம்மா. கட்டில் கம்பியைப் பிடிச்சு நீங்கதான் ஆட்டுறீங்க."

அவள் கைகளை எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். போர்வை நின்றுவிட்டது.

ஆறு. ஏழு. இமைத்தால் அந்த நேரம் பார்த்து வந்துவிட்டுப் போய்விடுமோ என்று அவள் இமைக்கவில்லை. கண்ணீர் வந்து மறைத்தபோது அதன்மேல் எரிச்சல் வந்தது. தோளில் தேய்த்துத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். எட்டு. ஒன்பது.

"பத்து," என்றாள் நர்ஸ்.

ரத்தம் எடுத்தார்கள். குழாயை மாட்டினார்கள். அவர் நெஞ்சு உடனே ஏறி இறங்கத் தொடங்கியது, அளந்து வைத்தாற்போல.

"விடறார்! அண்ணன் மூச்சு விடறார்!" கொழுந்தன் டாக்டரை மறித்துக்கொண்டான். "இதைப் போய் இல்லேங்கிறீங்க! வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம். நல்ல மெஷினா இருக்கற எடமா பாத்து. அண்ணி, நீங்க சொல்லுங்க!"

டாக்டர் அவளைப் பார்த்தார்.

"அது மெஷின் விடறது, தம்பி," என்றாள் அவள்.

"நம்பர் தொண்ணூறு காட்டுதே அண்ணி! தொண்ணூறு இருந்தா அப்புறம் என்ன?"

இந்தக் கேள்விக்கு எத்தனை நூறு முறை பதில் சொல்லியிருப்பாள்.

"அது ஸ்ட்ரெங்த்துப்பா."

அண்ணனோடு எத்தனையோ லீவு நாளில் டிஷ் மாட்ட மாடி ஏறியவன் அவன். கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

"நீங்க எப்பச் சொல்றீங்களோ, அப்ப நிறுத்தலாம்," என்றார் டாக்டர். "அவசரமில்ல."

நர்ஸ் மானிட்டரின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிவைத்துவிட்டு, கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனாள்.

அவள் ஸ்டூலை அருகே போட்டுக்கொண்டாள். அவருடைய முழங்கைக்கு மேலே, கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. வேலை நடுவே கிழித்து, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒட்டிவைத்தது. மூன்று நாளாக யாரும் கவனிக்கவில்லை. நகத்தால் அதன் ஓரத்தை நெம்பினாள். பிறகு ஒரு விரலால் தோலை அழுத்திக்கொண்டு, முடி இழுத்து வலிக்காதபடி, கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கத் தொடங்கினாள்.