இரண்டாவது பூச்சு

“ஓரத்துல விட்டுப்போச்சு பாரு,” என்றாள் அம்மா, கட்டிலில் படுத்தபடியே.

துணி வெட்டும் மேஜையின் மேல் நின்றுகொண்டிருந்த பாப்பா கழுத்தை வளைத்து ஃபேன் இறக்கையின் அடி ஓரத்தைப் பார்த்தாள். உண்மைதான். விரல் நீளத்துக்குத் துரு தெரிந்தது. படுத்த படுக்கையாகி ஆறு மாதம் ஆகியும் அம்மாவின் கண்ணுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

“வேணும்னா நீயே ஏறி வந்து அடியேன்.”

“ஏறிடுவேன். இறக்கறது உன்பாடு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவின் சிரிப்பு இருமலாகி, கொஞ்ச நேரம் உலுக்கிவிட்டு அடங்கியது.

நாற்பத்து மூன்று வயதிலும் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். வீட்டில் அப்படி, தெருவில் அப்படி, துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களுக்கும் அப்படியே. அம்மாவும் அவளும் இருந்தது வீட்டின் பின்பாதியில். முன்பாதியை, அண்ணன் பெயிண்ட் கடை வைப்பதற்காக அம்மா விற்றிருந்தாள். வாங்கிய நர்ஸ் குடும்பம் நடுவில் சுவர் எழுப்பியதோடு காற்றும் நின்றுபோனது. மிஞ்சிய அறைக்கு இருந்த ஒரே ஜன்னல் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று என்றால் அந்தப் பழைய ஃபேன்தான். மல்லாந்தே கிடந்த அம்மாவுக்குப் பார்ப்பதற்கும் அதை விட்டால் வேறொன்றும் இல்லை. துரு பூத்து, பழைய பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து, ஓடும்போது தலையணையில் பொடி உதிர்த்தது.

“கண்ணைத் திறந்தா இதுதான் தெரியுது. யாரோ சொறி பிடிச்சவன் மேல தொங்கற மாதிரி இருக்கு,” என்று அம்மா தினமும் சொல்வாள். “பெரியவன்கிட்ட சொல்லு. ஒரு டப்பா அவனுக்குப் பெரிசா?”

பெரியவனை ஊரில் ‘கலர் முதலாளி’ என்பார்கள். நாலு தெரு தள்ளிக் கடை. ஊரில் பாதி வீடுகள் அவன் விற்ற நிறத்தில்தான் நின்றன. பாப்பா ஆறு முறை போய்க் கேட்டாள். ஆறு முறையும் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஆள் அனுப்பறேன்” என்றான். நேற்று ஆள் வந்தான். பெயிண்ட் அடிக்க அல்ல, ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போக. மூடியில் அண்ணனின் கையெழுத்தில் ‘ரிட்டர்ன்’ என்று கொட்டை எழுத்து. யாரோ இளம்பச்சை கேட்டு, கலவை பிசகி, கிணற்றுப் பாசி மாதிரி வந்துவிட்டதால் திருப்பிக் கொடுத்த டப்பா.

பாப்பா மூடியைக் கவிழ்த்து வைத்தாள்.

“பெரியவன் அனுப்பினதா?” என்று அம்மா ஆசையாகக் கேட்டாள்.

“ஆமா.”

“பாத்தியா, மறக்கல. நல்ல கலராத்தான் தேடி எடுத்திருப்பான். அவனுக்குத் தெரியாத கலரா?”

பாப்பா டப்பாவை மேஜைக்கடியில் தள்ளி வைத்தாள். இன்று காலை கட்டிலைச் சுவரோரம் தள்ளி, தரையில் செய்தித்தாள் விரித்து, உப்புத்தாளால் துருவைத் தேய்த்துவிட்டுப் பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். முதல் இறக்கை முடிந்ததும் அம்மா, “குளுமையா இருக்கு” என்றாள். இரண்டாவது முடிந்ததும், “பெரியவன் வந்து பாத்தா சந்தோஷப்படுவான்” என்றாள்.

விட்டுப்போன ஓரத்தைப் பூசிவிட்டு, பாப்பா மூன்றாவது இறக்கையில் பாதிவரை வந்தாள்.

“இப்பச் சரியா இருக்காம்மா?”

பாப்பா பிரஷ்ஷை டப்பாவில் முக்கினாள்.

“தூங்கிட்டியா?”

திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் கண்கள் திறந்துதான் இருந்தன, ஃபேனைப் பார்த்தபடி. பாப்பா பிரஷ்ஷோடு இறங்கி வந்தாள். பிரஷ்ஷை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே அம்மாவின் கன்னத்தைத் தட்டினாள். பிறகு வாசலுக்குப் போய் முன்வீட்டு நர்ஸைக் கூப்பிட்டாள்.

நர்ஸ் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள், கழுத்தில் விரல் வைத்தாள், கடைசியில் கண்களை மூடிவிட்டாள். “போயிட்டாங்க பாப்பா. கஷ்டமே படல,” என்றாள்.

பாப்பா அண்ணனுக்குப் போன் செய்தாள். விஷயத்தைக் கேட்டு அவன் தொண்டையைக் கனைத்தான். அழுகிறானோ என்று நினைத்தாள்.

“சரி, கவனமாக் கேளு,” என்றான் அண்ணன். “மதியம் வந்துடறேன். வியாபாரிகள் சங்கத்துலருந்து எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னாடி எதையாவது உளறி வைக்காதே. அம்மா என் வீட்டுலதான் இருந்தாங்க, போன வாரம்தான் உன்னைப் பாக்க அங்க வந்தாங்க. அப்படித்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். புரியுதா?”

பாப்பா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

“அந்த ரூம் வேற புழுங்கித் தொலைக்கும். பெரிய மனுஷங்க வந்து உக்காரணும். ஃபேன் ஓடுமில்ல?”

“ஓடும்,” என்றாள் பாப்பா.

போனை வைத்துவிட்டு மறுபடி மேஜை மேல் ஏறினாள்.

“இப்பப் போய் எதுக்குடி இது?” என்றாள் நர்ஸ்.

“பாதியில நிக்குதுக்கா.”

மூன்றாவது இறக்கையை முடித்தாள். அதோடு நிற்கவில்லை. முதல் பூச்சு ராத்திரி முழுக்கக் காய வேண்டும், அப்புறம்தான் அடுத்தது என்பது பெயிண்ட் கடைக்காரனின் தங்கைக்குத் தெரியாததல்ல. ஈரத்தின் மேலேயே இரண்டாவதைப் பூசினாள். பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு ஒரு குவளையை எடுத்தாள். இறக்கையின் மேல்புறம் கீழே நிற்கிறவர்களுக்குத் தெரியாது. மூன்று இறக்கையின் முதுகிலும் கெட்டியாக ஊற்றிப் பரப்பினாள். டப்பா காலியாகும்வரை ஊற்றினாள்.

நர்ஸ் பார்த்துக்கொண்டே இருந்தாள். அண்ணாந்து ஒரு தடவை பார்த்தாள், பாப்பாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

“ஆளுங்க வந்ததும் நீங்க வாசப்படியிலேயே நின்னுக்கோங்க அக்கா,” என்றாள் பாப்பா. “உள்ள வராதீங்க.”

அம்மாவைத் துடைத்து, உடை மாற்றி, கழுத்துவரை போர்வையை இழுத்துவிட்டாள். செய்தித்தாள்களை மடித்து எடுத்தாள். எந்த இடத்தில் அதிகம் சொட்டியிருந்தது என்று பார்த்து, அங்கே வீட்டின் ஒரே நாற்காலியைப் போட்டாள். அண்டைவீட்டு நாற்காலிகளைச் சுற்றிலும் வைத்தாள்.

அண்ணன் வெள்ளைச் சட்டையில் வந்தான். பின்னால் சங்கத் தலைவரும் நான்கைந்து பேரும், அவர்களும் வெள்ளையில். வாசலிலேயே, “என்னை விட்டுட்டுப் போயிட்டியேம்மா!” என்று அண்ணன் குரலெடுத்தான். உள்ளே வந்து, போர்வைக்குள்ளிருந்து அம்மாவின் வலது கையை வெளியே எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு குலுங்கினான். நிஜமாகவே கண்ணீர் வந்தது.

தலைவர் அவன் தோளைத் தட்டி நாற்காலியில் உட்கார வைத்தார். அவன் உட்கார்ந்தது பாப்பா போட்ட நாற்காலியில்.

“பெயிண்ட் வாசனை அடிக்குதே,” என்று அண்ணன் மூக்கை உறிஞ்சினான்.

“கடையிலருந்து நேரா வர்றே. உன் மேலதான் அடிக்கும்,” என்றாள் பாப்பா.

ஒருவர் தலையாட்டினார். அண்ணன் தன் தோள்பட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டான்.

“ராஜாத்தி மாதிரி வச்சிருந்தேன் சார்,” என்றான் தலைவரிடம். “என் ரூமுக்குப் பக்கத்து ரூம். ஏ.சி. போட்டுக் கொடுத்தேன். போன வாரம், பொண்ணைப் பாக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. அனுப்பியிருக்கவே கூடாது.”

“எந்த அம்மாவுக்குக் கிடைக்கும் இப்படி ஒரு பிள்ளை,” என்றார் தலைவர், கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

அண்ணனும் வியர்வையைத் துடைத்தான். தங்கையைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். “என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? பெரியவங்க புழுங்கிச் சாகறாங்க. ஃபேனைப் போடு.”

“போடவா?”

“இதுக்கு ஒரு கேள்வியா? ஃபுல்லா வை.”

பாப்பா சுவிட்சைத் தட்டி, ரெகுலேட்டரை ஐந்துவரை திருகினாள்.

ஃபேன் முனகிக்கொண்டு நகர்ந்தது. முதலில் இரண்டு சொட்டு, அண்ணனின் வழுக்கையில். கை வைத்துப் பார்த்தான். அவன் அண்ணாந்து பார்ப்பதற்குள் இறக்கைகளுக்கு வேகம் பிடித்துவிட்டது. பச்சை நாலாபுறமும் பறந்தது. சுவரில் வரிவரியாக அடித்தது. தலைவரின் சட்டையில், கண்ணாடியில், மற்றவர்களின் முழங்கால்களில். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்ததில் நாற்காலிகள் சரிந்தன. அண்ணன் முகத்தைத் துடைக்கத் துடைக்க இரண்டு கையும் பச்சையாயின. பாப்பா சுவிட்சருகே நகராமல் நின்றாள். அவள் மேலும் தெறித்தது. மெதுவாகப் பத்துவரை எண்ணிவிட்டுத்தான் நிறுத்தினாள்.

“என்னய்யா இது கூத்து?” என்று தலைவர் கத்தினார். “ஈரப் பெயிண்டோட ஃபேன் போடுவாங்களா?”

வாசற்படியிலிருந்து நர்ஸ் பேசினாள். “அந்தம்மா ஆசைப்பட்டாங்கன்னு பாப்பா இன்னைக்குத்தான் அடிச்சா சார். பதினோரு வருஷமா நான் முன்வீட்டுல இருக்கேன். அவங்க இந்த ரூமை விட்டு வேற எங்கயும் போய் இருந்ததில்ல. ஆறு மாசமா இந்த ஃபேனைத்தானே பாத்துக்கிட்டுக் கிடந்தாங்க.”

தலைவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். தலைவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையின் சுத்தமான மூலையில் துடைத்துக்கொண்டே வெளியே போனார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். தெருவில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

அறையில் அண்ணனும் தங்கையும் அம்மாவும் மட்டும்.

அண்ணன் உள்ளங்கையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். பெயிண்ட் வியாபாரிக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

“இது அந்த ரிட்டர்ன் டப்பா,” என்றான்.

“ஆமா.”

“வேணும்னே செஞ்சிருக்கே.”

“வேணும்னேதான்.”

அவன் கையை ஓங்குவான் என்று எதிர்பார்த்தாள். ஓங்கினால் என்ன செய்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். அவன் ஓங்கவில்லை. கட்டிலைப் பார்த்துக் கேட்டான். “அம்மாவுக்குத் தெரியுமா? அது ரிட்டர்ன்னு?”

சொல்லியிருக்கலாம். தெரியும், தெரிந்துதான் செத்தாள் என்று ஒரு வார்த்தை போதும், ஆயுசுக்கும் அவனைத் தின்னும். பாப்பா அதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“குளுமையா இருக்குன்னு சொன்னாங்க,” என்றாள் கடைசியில்.

அப்போதுதான் அம்மாவின் கையைப் பார்த்தாள். அண்ணன் வெளியே எடுத்துவிட்ட கை அப்படியே கிடந்தது. முகம் தப்பியிருந்தது; புறங்கையில் மிளகளவு ஒரு பச்சைச் சொட்டு. மேஜைக்கடியிலிருந்து, பெயிண்ட் கரைக்கிற தின்னர் பாட்டிலை எடுத்து, துணியில் இரண்டு துளி விட்டு, கட்டிலோரம் மண்டியிட்டாள். தோல் வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. அழுத்தினால் கிழிந்துவிடுமோ என்று ஒற்றி ஒற்றி எடுத்தாள். ரொம்ப நேரம் எடுத்தது. பிறகு ஈரத்துணியால் துடைத்து, கையைப் போர்வைக்குள் வைத்தாள்.

மிச்சமிருந்ததில் கொஞ்சத்தைத் தன் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டாள்.

அம்மாவை எடுத்துப்போகும் வண்டி வாசலில் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அண்ணன் பக்கத்தில் வந்து, சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கைகளையும் நீட்டினான்.

பாப்பா பாட்டிலைத் திருகி மூடினாள்.

“இன்னும் இருக்கே,” என்றான்.

“இருக்கு,” என்றாள்.