பின்தொடையில் ஓர் எண்

ஜெர்மனியில் ஹாலே என்ற ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பால் பண்ணையில் நானூறு மாடுகள் நின்றன. பேர்பெச்சுவா அங்கே ஒன்பது வருடங்களாகப் பால் கறந்தாள். கறப்பவர்கள் ஒரு பள்ளத்தில் நிற்பார்கள். மாடுகள் மேலே பின்புறம் காட்டி வரிசையாக நிற்கும். காதில் தொங்கும் எண் அட்டை அங்கிருந்து தெரியாது. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. மடியைப் பார்த்தே எந்த மாடு என்று சொல்லிவிடுவாள்.

2006 மார்ச்சில் ஒரு காலை, மருந்து ஏற்றிய மாட்டின் பால் பெரிய தொட்டியில் கலந்துவிட்டது. அடையாளத்துக்காக அதன் காலில் கட்டிய சிவப்புப் பட்டி எங்கோ கழன்று விழுந்திருந்தது. தொட்டி முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. அன்று கறந்தவர்கள் இருவர்: பேர்பெச்சுவாவும், மூன்று வாரங்களுக்கு முன் சேர்ந்த அலோசியஸும். பண்ணையை நடத்திய ஹைக்கே விசாரிக்கவில்லை. தவறு புதியவருடையது என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமையோடு வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொன்னாள்.

அலோசியஸுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. பீலெஃபெல்டில் அவர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டபின் இங்கே வந்தவர். அவர் மறுத்துப் பேசவில்லை.

"நான்தானோ தெரியேல்லை, தங்கச்சி. எனக்கு எல்லா மாடும் ஒண்டுபோலத்தான் கிடக்கு" என்றார் பேர்பெச்சுவாவிடம்.

மறுநாள் பேர்பெச்சுவா அந்த மாட்டைத் தேடிப்போய்ப் பார்த்தாள். எண் 218. பின்காம்பு ஒன்று வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அதே சாய்வுள்ள 281ஐ முந்தின நாள் தன் பக்கத்தில், கடைசி இடத்தில் கறந்ததாக அவளுக்கு நினைவு. ஆனால் 281 கன்று போடும் நாளுக்காகக் கறவை நிறுத்தப்பட்டு, பத்து நாளாக வேறு கொட்டிலில் நிற்பதைக் குறிப்புப் பலகையில் கண்டாள். அவள் கறந்தது 218ஐத்தான்.

கொட்டில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பிறகு அலுவலகத்துக்குப் போய், "அது நான்" என்று ஹைக்கேயிடம் ஜெர்மனில் சொன்னாள்.

உன்னாலேயே அடையாளம் காண முடியாவிட்டால் வேறு யாரால் முடியும் என்று ஹைக்கே கேட்டாள். அதில் கோபம் இல்லை. பதில் தெரியாமல்தான் கேட்டாள். பள்ளத்திலிருந்து தெரியும்படி பின்தொடையில் பெரிதாக எண் வேண்டும் என்றாள் பேர்பெச்சுவா.

அலோசியஸின் வேலை நிலைத்தது. குளிரால் குறி வைப்பது என்றும் முடிவாயிற்று. கடுங்குளிர் அச்சை மயிர் மழித்த தோலில் அழுத்தினால் மயிரின் நிறம் செத்துவிடும். பிறகு அந்த இடத்தில் வெள்ளையாக முளைக்கும். களஞ்சியத்தில் பழைய இரும்பு அச்சுகள் கிடந்தன. அவற்றையே எடுக்கலாம் என்றாள் ஹைக்கே. பேர்பெச்சுவாவுக்கு அவை பிடிக்கவில்லை. கன்றுகளுக்கான அளவு, முகம் மெல்லியது, விளிம்பு கூரானது. மாட்டு வைத்தியரிடம் நான்கு அங்குலச் செம்பு அச்சுகளை இரவல் வாங்கினாள். மூன்று மாடுகளுக்கு இரும்பு, மூன்றுக்குச் செம்பு என்று சோதித்துப் பார்க்கக் கேட்டாள். முடிவு தெரிய எட்டு வாரம் ஆகும் என்றதும் ஹைக்கே முகம் சுளித்தாள். ஆனாலும் விட்டாள்.

அச்சைக் கடுங்குளிரான திரவ நைட்ரஜனில் இறக்கி, அதன் கொதிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்கள். மாட்டின் தொடையில் ஸ்பிரிட் தடவி, பேர்பெச்சுவா அச்சை அழுத்த, அலோசியஸ் விநாடிகளை எண்ணினார்.

இடையில் அவர் கேட்டார்: "நீர் சொல்லாட்டி ஆருக்கும் தெரிஞ்சிருக்காது, என்ன?"

"ஓம்."

"பிறகேன் சொன்னனீர்?"

"நான்தானோ, நான்தானோ எண்டு யோசிச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள், அண்ணை. அதைப் பாக்க ஏலாமல் போச்சு."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபதாவது விநாடியில் "எடும்" என்றார்.

மே கடைசியில் மயிர் முளைத்தது. இரும்பு வைத்த மூன்றிலும் எண் திட்டுத்திட்டாக வந்தது. ஒன்றில் தோல் வெட்டுப்பட்டுத் தழும்பாகியிருந்தது. செம்பு வைத்த கறுப்புத் தொடைகளில் எண் வெள்ளையாக, தெளிவாக நின்றது. ஹைக்கே வந்து பார்த்துவிட்டு, அன்றே செம்பு அச்சுகளை வரவழைக்க எழுதிப்போட்டாள்.

மீதி மாடுகளுக்கு ஜூலையில் இருவரும் சேர்ந்து குறி வைத்தார்கள். தொடை வெள்ளையாக உள்ளவற்றுக்கு அச்சைக் கூடுதல் நேரம் பிடித்தார்கள், மயிரே முளைக்காமல் எண் தோலில் தெரியும்படி. ஒரு நாளைக்கு இருபத்தைந்து மாடுகள். அதற்கு மேல் கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போயின.