மக்பூல் பாயின் வலது கை

ஆம்பூரில் மக்பூல் அகமதின் வலது கைக்கு இருந்த மரியாதை மக்பூல் அகமதுக்குக் கிடையாது. தோல் தொழிற்சாலையில் அவர் செலக்டர். பதனிட்டு முடித்த தோலை மேஜைமேல் விரித்ததும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஒரு தடவு தடவுவார். ஏ, பி, சி, கழிவு என்று தீர்ப்பு வந்துவிடும். மாட்டை எந்த முள் கீறியது, எத்தனை உண்ணி கடித்தது என்பதெல்லாம் விரல் தனக்குச் சொல்லும் என்பார். முப்பது வருஷமாக வீட்டில் அடுப்பு எரிவது அந்த விரல்களால்தான். அதனால் அந்தக் கையால் அவர் தண்ணீர் வாளி தூக்குவதில்லை. கறிக்கடைப் பையை இடது கையில்தான் வாங்குவார். பைக் ஓட்டினால் விரல் மரத்துப்போகும் என்றுதான் காரே வாங்கினார்.

அந்தக் கை செய்த முதல் முரட்டு வேலை, டிங்கர் மூர்த்தியின் கன்னத்தில் விழுந்த அறை.

காருக்குப் பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது. ஆர்டிஓ ஆபீஸில் காட்டி, ஓட லாயக்கு என்று சான்று வாங்க வேண்டும். அதற்கு முன்னால் பின்தெருவில் இருந்த மூர்த்தியின் ஷெட்டுக்குக் கொண்டுபோனார். மூர்த்தி டிக்கியைத் திறந்து அடித்தகட்டில் ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினான். அது ஊடுருவிப் போய்த் தரையில் குத்திக்கொண்டு நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன் அவனே இரண்டாம் முறையாக ஒட்டிய இடம்.

நீ போட்ட வெல்டிங்கின் லட்சணத்தைப் பார் என்று மக்பூல் ஆரம்பித்தார்.

"பாய், டிக்கியில பச்சைத் தோல உப்போட ஏத்தினு வர்றீங்க. உப்புத் தண்ணி ஊறினா இரும்பு இன்னா பண்ணும்? மூணாவது தபா ஒட்டினாலும் இதே கதிதான்."

தோலைப் பற்றியும் உப்பைப் பற்றியும், மக்பூல் அகமதுக்கு, ஒரு தகரம் தட்டுகிறவன், நாலு பேர் முன்னிலையில் பாடம் எடுப்பதா? அறை விழுந்தது. மூர்த்தியின் உதடு பல்லில் கிழிந்து மோவாய் வரைக்கும் ரத்தம் வழிந்தது.

மூர்த்தி திருப்பி அடிக்கவில்லை. இரண்டு கிலோ சுத்தியலை எடுத்துக் காரின் கதவில் மூன்று முறை இறக்கினான். கதவு உள்ளே மடிந்தது, கண்ணாடி பொடிப்பொடியாகக் கொட்டியது. பிறகு பானட்டின் மேல் ஊன்றியிருந்த மக்பூலின் வலது கைமேல் சுத்தியலின் தலையை மெதுவாக, ஒரு குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வைத்தான்.

"இத இப்ப நசுக்கினா நீ இன்னா? வெறும் வாய்தான்."

மூர்த்தி சுத்தியலை எடுத்துக்கொண்டான்.

"போ. உன் வண்டிய இந்த ஊருல எவனும் தொட மாட்டான். அறைஞ்ச கையாலயே ஒட்டிக்கோ."

சொன்னபடியே நடந்தது. பேரணாம்பட்டு வரைக்கும் எந்த டிங்கரும் காரைப் பார்க்கக்கூட வரவில்லை. பணிந்து போய் மன்னிப்புக் கேட்கலாமே என்று மனைவி முனவ்வர் பேகம் சொன்னாள். அடுத்த பஸ்ஸில் மக்பூல் வேலூருக்குப் போய் வெல்டிங் மெஷின் கடையில் நின்றார்.

கடைக்காரர் செந்தில்குமார் பொறுமைசாலி. கார் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, ராடு வைத்து அடிக்கிற ஆர்க் மெஷின் அதை சல்லடை மாதிரி ஓட்டை போட்டுவிடும் என்று விளக்கினார். மெல்லிய கம்பியும் கேஸும் சேர்ந்து வருகிற சின்ன மிக் மெஷின் போதும், புள்ளி புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்க வேண்டும் என்றார். மக்பூல் கண்ணை மூடிக்கொண்டு மெஷின்களை ஒவ்வொன்றாகத் தடவினார். மூலையில் நின்ற பெரிய சிவப்பு மெஷின் ஏ கிரேடு என்று விரல் சொன்னது.

அதுவும் மிக்தான், ஆனால் இரும்பு கேட் செய்கிறவர்கள் வாங்குகிற சைஸ் என்றார் செந்தில்குமார். மக்பூல் புன்னகைத்தார். விரல் பேசிய பிறகு மனிதர்கள் பேசுவது அவருக்குப் பழக்கமில்லை.

மெஷினோடு ஒரு ஜோடி சாம்பல் நிறக் கையுறை இலவசமாக வந்தது. மக்பூல் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். சொரசொரப்பான ஸ்பிளிட். தோலை இரண்டாகச் சீவும்போது மேல்பகுதி ஷூவுக்குப் போனபின் மிஞ்சுகிற அடிப்பகுதி.

"முப்பது வருஷமா இத நான் குப்பையில தள்றேன். என் கைக்கு இதுவா?"

"நெருப்பு தாங்கும் சார்," என்றார் செந்தில்குமார். கையுறை அவர் முகத்தில் வந்து விழுந்தது.

மக்பூல் தன் கைக்குத் தகுந்த கையுறையைத் தொழிற்சாலையிலேயே தைக்கச் சொன்னார். ஐரோப்பியச் சீமாட்டிகளின் விருந்துச் செருப்புக்காகச் செய்த கறுப்புப் பேடன்ட் தோல், முகம் பார்க்கலாம். அந்த மினுமினுப்பு தோலின்மேல் பூசிய பிளாஸ்டிக் படலம். சூடான இரும்பு பட்டால் அது சுருண்டு எரியும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் ஆம்பூரில் இல்லை. அப்படிச் சுருண்ட தோல் ஆயிரத்தை அவரே கழித்திருக்கிறார். ஆனால் அவையெல்லாம் சி கிரேடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுப் பின்வாசலில் வேலை தொடங்கியது. காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் டிங்கர் தெரு. சுவர்மேல் ஆறு டிங்கர்கள் வரிசையாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். நடுவில் மூர்த்தி. உதட்டில் இன்னும் தையல்.

மக்பூல் துருப்பிடித்த தகட்டைக் கிரைண்டரால் அறுத்தார். அறுத்ததைவிடப் பிய்த்தது அதிகம். கார் அலறியது. புதுத் தகட்டை டிக்கிக்குள் வைத்து, முகமூடியைக் கவிழ்த்து, விசையை அழுத்தினார். மெஷின் வெடித்த மாதிரி சீறியது. தகட்டில் நாலணா அளவு ஓட்டை. அதை அடைக்கப் போனார், உள்ளங்கை அளவானது.

"பாய், கரண்டைக் கம்மி பண்ணு," என்றான் ஒருவன்.

மக்பூல் ஜாஸ்தி பண்ணினார். ஓட்டை தட்டு அளவானது. முகமூடியைக் கழற்றி எறிந்து பம்பரை உதைத்தார், அது விழுந்தது. வீல் ஸ்பேனரால் விளக்கை உடைத்தார். சுவர்மேல் யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. முகமூடி இல்லாமலே குனிந்து, விசையை அழுத்தியபடி விடாமல் பிடித்தார்.

டிக்கியின் அடியில் பூசியிருந்த தார் பற்றிக்கொண்டது. தீயின் நாக்கு மேலே வந்து கையுறையை ஒரு நக்கு நக்கியது. பேடன்ட் தோல் குமிழி விட்டு, சுருங்கி, விரல்களை இறுக்கிக்கொண்டு எரிந்தது. மக்பூல் உதறினார். அது வரவில்லை. இடது கையால் பிடுங்கினார், உருகிய படலம் அந்தக் கையிலும் ஒட்டியது. வாயிலிருந்து வந்த ஓலத்தை அவரே வேறு யாருடையதோ என்று நினைத்தார்.

முனவ்வர் பேகம் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "மூர்த்தி, அந்தக் கை போனா நாங்க போனோம்."

மூர்த்தி குதித்தான். மெயின் சுவிட்சை இழுத்துவிட்டு வந்து, சுழன்றுகொண்டிருந்த மக்பூலின் வயிற்றில் உதைத்தான். விழுந்தவரைத் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், தண்ணீர்த் தொட்டிக்குள் கைகளைத் தோள் வரை அமுக்கினான். மற்றவர்கள் மண்ணை வாரிக் காரில் கொட்டினார்கள். மக்பூல் திமிறினார். மூர்த்தி அவர் கழுத்தில் முழங்காலை வைத்துக்கொண்டு, தகரம் வெட்டுகிற கத்திரியால் கையுறையைத் துண்டு துண்டாக நறுக்கினான். தோலோடு தோலாக ஒட்டியதை மட்டும் விட்டுவிட்டான்.

"ஆட்டாத. ஆட்டினா விரலும் சேந்து வரும்."

எல்லாம் முடிந்து, ஆட்டோ வந்து, ஈரத்துணி சுற்றிய கையோடு அவரை ஏற்றும்போது மூர்த்தி ஓங்கி ஒரு அறை கொடுத்தான். மக்பூலின் பல் ஒன்று ஆட்டோவுக்குள் உருண்டது.

"இது அன்னிக்கி உள்ளது," என்றான்.

மூன்று மாதம் கழித்துக் கட்டுப் பிரித்தார்கள். விரல்கள் ஐந்தும் இருந்தன. நுனிகளில் உணர்வு இல்லை, வராது என்றார் டாக்டர். மக்பூல் இதை முனவ்வரிடமும் சொல்லவில்லை. மறுநாள் தொழிற்சாலையில் தோல் விரித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். கண்ணாடியைத் தடவுகிற மாதிரி இருந்தது. வியர்வை முதுகில் ஓட, குத்துமதிப்பாக "பி" என்றார். பி என்று முத்திரை விழுந்தது. அடுத்தது, "ஏ". ஏ. மாலைக்குள் நூற்று இருபது தோல். யாராவது ஒருவன் நிமிர்ந்து பார்ப்பான் என்று ஒவ்வொரு தோலுக்கும் காத்திருந்தார். மாதம் முடிந்தது, சரக்கு கப்பலேறியது, புகார் வழக்கம்போல் ஒன்றிரண்டுதான் வந்தது. செலக்‌ஷன் எப்போதும் போலப் பிரமாதம் என்று மேனேஜர் முதுகில் தட்டினார். மூர்த்தியின் அறைகூட அவ்வளவு வலிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் நேராக மூர்த்தியின் ஷெட்டுக்குப் போனார். முனவ்வர் பேகம் என்றைக்கோ காரை அங்கே தள்ளிவிடச் சொல்லியிருந்தாள். மூர்த்தி சாம்பல் நிற ஸ்பிளிட் கையுறையோடு டிக்கிக்குள் தலையை விட்டிருந்தான். ஒரு புள்ளி வைத்தான், ஆறவிட்டான், மறுபடி ஒரு புள்ளி. பிறகு தேய்த்துச் சமன்படுத்திவிட்டு ஒதுங்கி நின்றான்.

"தடவிப் பாருங்க பாய். இணைப்பு தெரியுதா?"

மக்பூல் வலது கையை நீட்டித் தகட்டின் மேல் ஒருமுறை மெதுவாக ஓட்டினார். கண்ணை மூடவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியல மூர்த்தி."

மூர்த்தி அந்த விரல் நுனிகளைப் பார்த்தான், பிறகு அவர் முகத்தை. இன்னொரு ஜோடி கையுறையை ஆணியிலிருந்து எடுத்து அவரிடம் எறிந்தான்.

"அப்ப இந்த மூலையப் புடிங்க. நெருப்பு தெறிக்கும்."

மக்பூல் அதை மாட்டிக்கொண்டார்.