சாலையைப் பார்த்த அறை

ஊர் ஊராகப் போய் ஹோட்டல் அறை பிடிப்பதில் தம்பியை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொன்னது அவனேதான், திரும்பத் திரும்பச் சொல்வதும் அவனேதான். அக்கா நடத்தும் ஜன்னல் பட்டறைக்கு ஆர்டர் பிடித்து வருவது அவன் வேலை. எப்போதும் பெட்டியும் கையுமாக அலைவதால் பட்டறையில் அவனுக்கு 'சூட்கேஸ்' என்றே பெயர். வெந்நீர் வருமா, மெத்தை பள்ளம் விழுந்திருக்குமா, பக்கத்து அறைக்காரரின் குறட்டை சுவர் தாண்டி வருமா என்று கேட்டுக் கேட்டே வரவேற்பு மேசையில் இருப்பவர்களின் உயிரை எடுத்துவிடுவான்.

அப்படிப்பட்டவன் பெருநகரத்தில் பார்த்துப் பார்த்துப் பிடித்து வைத்த ஹோட்டலை அக்கா ஒரே போனில் ரத்து செய்துவிட்டாள். அவனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"ஏன்க்கா? சுத்தி தோட்டம். குருவி கத்துறதைத் தவிர ஒரு சத்தம் கிடையாது. நாம பார்க்கப்போற டாக்டரம்மா ஆபீசுக்கும் நடந்தே போயிடலாம்."

"அதான்டா வேண்டாங்கறேன்" என்றாள் அக்கா.

அவள் பிடித்திருந்த ஹோட்டல் எங்கே இருக்கிறது என்று கேட்டதும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். நகரத்திலேயே பெரிய நாற்சந்தி. ஒரு பக்கம் பஸ் நிலையம், தலைக்கு மேல் ரயில் பாலம். போதாக்குறைக்கு சாலையைப் பார்த்த அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

"அந்த ரூமை எவனும் எடுக்க மாட்டான்க்கா!"

"தெரியும். நான் கேட்டதும் மேனேஜர் 'நிஜமாவா மேடம்?'னு கேட்டார். பாவம், ரொம்ப நல்ல மனுஷன்."

அக்காவுக்கு மூளை குழம்பிவிட்டது என்றே அவன் நினைத்தான். குழம்பாமல் என்ன செய்யும்? அவர்கள் பட்டறையில் செய்வது சத்தத்தை வெளியே நிறுத்தும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல். பெரிய கம்பெனிகள் வந்த பிறகு ஆர்டர் வற்றிப்போயிருந்தது. டாக்டரம்மா கட்டும் புது ஆஸ்பத்திரியின் ஜன்னல் வேலை கிடைத்தால் பட்டறை பிழைக்கும், இல்லாவிட்டால் இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். அதை அக்கா மேஸ்திரியிடமும் வேலைக்காரர்களிடமும் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். தம்பி ஏற்கெனவே ஒரு நல்ல ஹோட்டலின் குளுகுளு அரங்கத்துக்கு டாக்டரம்மாவை வரவழைத்துப் படம் போட்டுக் காட்டி வெளுத்து வாங்கியிருந்தான். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "எல்லாரும் இதையேதான் சொல்றாங்க தம்பி" என்று எழுந்து போய்விட்டார்.

இப்போது போவது கடைசி முயற்சி. அதற்கு மாதிரி ஜன்னல் ஒன்றை முழுதாகச் செய்து, வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள் அக்கா.

ஹோட்டல் அறைக்குள் நுழைந்ததும் தம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. பஸ்காரர்கள் ஹாரனில் கை வைத்தால் எடுப்பதாக இல்லை. ரயில் போனபோது மேசை மீதிருந்த கண்ணாடி டம்ளர் தானாக நகர்ந்தது. "ராத்திரி எப்படிக்கா தூங்கறது?" என்று கத்தினான். அக்கா அவன் தோளைப் பிடித்து ஜன்னலுக்கு எதிரே நிறுத்தினாள்.

சாலைக்கு அந்தப் பக்கம், சாரம் கட்டிய பாதிக் கட்டடம் ஒன்று நின்றது. டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி.

"இங்க கேக்குற சத்தம்தான் அங்க படுக்கப்போற நோயாளிக்கும் கேக்கும்" என்றாள் அக்கா. "இதை இங்க அடக்கிக் காட்டினா அங்க அடக்கின மாதிரிதானேடா? டாக்டரம்மா தினமும் கட்டட வேலையைப் பார்க்க வர்றாங்க, ரோட்டைத் தாண்டினா போதும்."

தம்பி திருதிருவென விழித்தான். ஊசி விழுந்தால் கேட்கும் அரங்கத்தில் நின்றுகொண்டு அவன் அமைதியை விற்கப் பார்த்திருக்கிறான்! ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அதை யார் வாங்குவார்கள்? இத்தனை வருஷமாக ஹோட்டல் பிடிக்கிறேன் என்று அடித்த ஜம்பமெல்லாம் ஒரு நொடியில் காற்றுப்போனது. கோபம் போன இடத்தில் அக்காமேல் அவனுக்கு அசல் வியப்பு வந்து உட்கார்ந்தது.

பழைய ஜன்னல் அப்படியே இருக்க, அதன் உட்பக்கம் புது ஜன்னலைப் பொருத்துவதாக மேனேஜரிடம் பேச்சு. கழற்றிக்கொண்டு போகப்போவதில்லை, அவருக்கே இனாம். அந்த ஆசையில் அவரே அளவெடுத்துச் சொல்லியிருந்தார். ஆனால் மேலே மட்டும் அளந்திருந்தார், சுவரோ கீழே விலகியிருந்தது. சட்டத்தை ஏற்றி நிறுத்தினால் ஒரு பக்கம் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அது போதாதா? அத்தனை ஹாரனும் அந்த வழியாக வரிசையில் வந்தது. டாக்டரம்மா வரும் நேரமோ நெருங்கிவிட்டது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

தம்பி பெட்டியைத் திறந்தான். பயணத்துக்குப் பயணம் கழுத்தில் மாட்டிக்கொண்டு தூங்கும் அவனுடைய அருமைத் தலையணையை எடுத்துக் கத்தரியால் கிழித்தான். உள்ளே இருந்த பஞ்சு ரப்பரை நீளநீளமாக வெட்டி இடைவெளியில் திணித்து, மேலே பட்டையான டேப்பை ஒட்டினான். அக்கா கைப்பிடியைத் திருப்பி ஜன்னலைப் பூட்டினாள். சத்தம் அடங்கியது. "பொழச்சோம்டா" என்றாள்.

டாக்டரம்மா வந்தபோது அறுவை சிகிச்சை முடித்துவிட்டு நேராக வந்த களைப்பு கண்ணில் தெரிந்தது. "உட்கார நேரமில்லைம்மா" என்றார். அக்கா வர்ணனை எதுவும் செய்யவில்லை. ஜன்னலைத் திறந்தாள், தெரு முழுவதும் அறைக்குள் வந்தது. மூடினாள், போய்விட்டது. பிறகு அவள் செய்ததைத் தம்பி எதிர்பார்க்கவே இல்லை. டேப்பை லேசாக உரித்து, உள்ளே இருந்ததை அவளே காட்டினாள்.

"இந்தப் பக்கம் அளவு தப்பிடுச்சும்மா. நேர்ல வந்து அளக்காதது என் தப்பு. இது என் தம்பியோட தலையணை. உங்க கட்டடத்துல இப்படி இருக்காது, நானே வந்து அளப்பேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று தம்பி கண்ணை மூடிக்கொண்டான். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். "தலையணையா! என்கிட்ட விக்க வர்றவங்க யாரும் குறையைச் சொன்னதே இல்ல" என்றபடி ஜன்னலோரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு நிமிஷம் இப்படியே இருந்து பார்க்கிறேன். பேசாதீங்க."

வெளியே ரயில் போனது. பஸ்கள் முட்டிக்கொண்டு நின்றன. டாக்டரம்மா அசையவே இல்லை. மூக்குக் கண்ணாடி மெல்ல நழுவி இறங்கியது. தம்பி வாயைத் திறக்கப் போனான், அக்கா உதட்டில் விரலை வைத்தாள்.

அவன் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மேஸ்திரி. பூனை மாதிரி நடந்து வராந்தாவுக்குப் போனான்.

"என்ன தம்பி, பேசியாச்சா? எல்லாரும் மெஷினை நிறுத்திட்டு நிக்கிறோம்."

"இன்னும் பேசவே இல்லண்ணே. அந்தம்மா தூங்கிட்டாங்க."

"தூங்கிட்டாங்களா? எங்க?"

"நம்ம ஜன்னல் பக்கத்துல. ரயில் போச்சு, அப்பவும் முழிக்கல."

அந்தப் பக்கம் மேஸ்திரி, "டேய், தூங்கிட்டாங்களாம்டா!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தியது கேட்டது. கத்தும்போதே குரல் உடைந்தது. தம்பிக்கும் கண் கலங்கியது, துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இப்படி ஒரு அக்காவுக்குத் தம்பியாகப் பிறந்ததற்கு அவன் பெருமைப்பட்டான். அதை அவளிடம் சொன்னால் தலைமேல் ஏறிக்கொள்வாள் என்று உடனே பயந்தும் கொண்டான்.

அவன் கதவைத் திறந்தபோது டாக்டரம்மா விழித்திருந்தார். கண்ணாடியைச் சரிசெய்தபடி, கொஞ்சம் வெட்கத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க வீடும் மெயின் ரோட்டுலதான்மா இருக்கு. நான் நல்லாத் தூங்கி வருஷக்கணக்காச்சு. என் படுக்கையறை ஜன்னலை அளக்க எப்ப வர்றீங்க?"

அக்கா அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"முதல்ல ஆஸ்பத்திரியை அளந்துடறேன்மா" என்றாள்.