நாக்கில் உறைத்தது

மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டு வந்த பத்தாம் நாளிலிருந்து செங்கமலம் சிரிக்க ஆரம்பித்தாள். உத்திராபதிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதற்கு முன்னால் மூன்று மாதமாக அந்த வீட்டில் யாரும் சிரித்ததில்லை. ஐப்பசியில் அவளுடைய மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை திருச்சிக்குப் போய் ஊசி. முதல் ஊசியில் முடி கொட்டியது. இரண்டாவதில் சோறு பிடிக்காமல் போனது. ஊசி போட்டு வந்தால் ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் காலையில் தெருக்குழாயடியிலிருந்து, "ஏங்க, தண்ணி வந்துருச்சுங்க! என்னா குளுமையா இருக்கு தெரியுமா?" என்று கூவினால் என்ன நினைப்பது?

ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் கேட்டில் செக்யூரிட்டியாக நின்றவர் உத்திராபதி. அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் வேலையை விட்டுவிட்டுக் குன்னத்துக்குப் பக்கத்திலிருக்கும் சொந்த ஊரோடு வந்து உட்கார்ந்திருந்தார். கேட்டில் அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு. முறைக்கிற டிரைவரை விட்டுவிடலாம். காரணமில்லாமல் சிரிக்கிற டிரைவரை இறக்கித் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பத்தில் எட்டுத் தடவை அடியில் ஏதாவது இருக்கும்.

செங்கமலத்தின் சிரிப்புக்கு அடியிலும் ஏதோ இருந்தது.

தினம் காலை பத்து மணிக்கு, ஊரிலிருக்கும் சிநேகிதியின் பேரைச் சொல்லி, "அம்பிகா வூட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு மணி நேரம் கழித்து வரும்போது கண் இரண்டும் சிவந்து, இமை வீங்கியிருக்கும். முகம் மட்டும் தெளிந்திருக்கும். வந்ததும் வராததுமாக வாய் கொப்பளித்து, குளித்து, சேலையை மாற்றிக்கொள்வாள்.

"அழுதியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"நான் எதுக்குங்க அழுவுறேன்? கண்ணுல தூசி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

அதற்கும் சிரித்தாள்.

அடுத்த இரண்டு நாளில் வேறு இரண்டு காரியம் நடந்தது. பீரோவைத் திறந்து, விசேஷத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலை இரண்டையும் எடுத்துத் தம்பி பெண்டாட்டி ராசாத்தியிடம் கொடுத்துவிட்டாள். மறுநாள் அவரை அடுப்படிக்குக் கூப்பிட்டு ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு, எப்போது இறக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக.

"இதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றார்.

"நான் இல்லாத நேரத்துல என்னா பண்ணுவீங்க?"

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சாதாரணமாகக் கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அவளிடம் எதையோ சொல்லியிருக்கிறார், அவள் மறைக்கிறாள் என்று அப்போது முடிவு செய்தார். விடைபெறுகிறவர்கள் கடைசியில் இப்படித்தான் அமைதியாகிவிடுவார்கள் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. அவள் பின்கட்டில் இருக்கும்போது ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் பிரித்தார். கேட் பழக்கத்தில் அதிலிருந்த ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் பேனாவால் நம்பர் போட்டு வைத்திருந்தார். பதிமூன்று இருந்தது. பதினைந்து இருந்தது. பதினான்கைக் காணவில்லை.

தெருவுக்கு வந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். "பேஷண்ட கூட்டிட்டு நேர்ல வாங்க சார், போன்ல ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்கள். திருப்பூரிலிருக்கும் மகள் வெற்றிச்செல்விக்குப் போட்டார்.

"அம்மா நல்லாத்தானப்பா பேசுறாங்க. நேத்துகூட சிரிச்சு சிரிச்சுப் பேசுனாங்க."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

"சிரிச்சா கூடவாப்பா உங்களுக்குச் சந்தேகம்?"

மகளுக்கும் தெரிந்திருக்கிறது, தன்னிடம் மட்டும்தான் எல்லோரும் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனை வைத்தார்.

மறுநாள் அவள் கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து இவரும் கிளம்பினார். அம்பிகா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. எதிர்வீட்டு வாசலில் மக்காச்சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்த அரியமுத்து, "அம்பிகாவா? அது ஒரு வாரமா வயக்காட்டுலதான கெடக்குது. உங்க வூட்டம்மாகூட இப்பதான் அந்தப் பக்கம் போனாங்க" என்றான்.

அம்பிகாவின் வயல் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். அங்கே என்ன இருக்கிறது என்று யோசித்தவருக்கு முதலில் ஞாபகம் வந்தது கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத பெரிய கிணறு.

அதற்கு மேல் அவர் நடக்கவில்லை, ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரைமேல் ஏறி, பருத்திக் கொல்லைக்குள் இறங்கி ஓடினார். ஒரு கால் செருப்பு எங்கோ கழன்று விழுந்தது. கிணற்றங்கரைக்கு வந்ததும் மண்டியிட்டு எட்டிப் பார்த்தார். பச்சையாக அசையாமல் தண்ணீர். அதில் அவருடைய தலை மட்டும் தெரிந்தது. "செங்கமலம்!" என்று கூப்பிட்டார். குரல் உள்ளே போய்த் திரும்பி வந்தது.

அப்போதுதான் வேப்பமரத்துப் பக்கமிருந்து பெண்கள் பேசுகிற சத்தம் கேட்டது.

மரத்தடியில் சின்ன வெங்காயம் குவிந்து கிடந்தது. அதைச் சுற்றி ஆறேழு பெண்கள் உட்கார்ந்து காய்ந்த வெங்காயத்தாளை அரிந்து காயைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் செங்கமலம். மடியில் கம்பங்கூழ்க் கிண்ணம். ஒரு பச்சை வெங்காயத்தைத் தோல் உரித்து நறுக்கென்று கடித்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, அம்பிகா சொன்ன எதற்கோ வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அவரைப் பார்த்ததும் கடித்த வெங்காயத்தையும் கிண்ணத்தையும் முந்தானைக்குள் மறைத்தாள்.

"பதினாலாம் நம்பர் தாளு எங்க?" என்றார் உத்திராபதி. மூச்சு இரைத்ததில் வேறெதுவும் கேட்க வரவில்லை.

"அரிசிப் பானைக்குள்ள இருக்குங்க."

"அதுல என்னா எழுதியிருக்கு? மறைக்காம சொல்லு."

"என்னா திங்கணும், என்னா திங்கக்கூடாதுன்னு நர்ஸம்மா குடுத்த தாளுங்க. பச்சையா எதையும் திங்கக்கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்க பாத்தா விடமாட்டீங்கன்னுதான்..."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நம்புவதா என்று அப்போதும் தெரியவில்லை.

"டாக்டரு வேற ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

"சேலைய ஏன் குடுத்த?"

"ஜரிகை, ஊசி போட்ட கையில ஒரசுது. பருத்திதான் கட்ட முடியுது."

"ரசம்?"

"நான் ரெண்டு மணி நேரம் இங்க வந்து குந்திக்கிட்டா உங்களுக்கு யாரு வெப்பா?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்பிகா மட்டும் சிரிக்காமல், "நான்தாண்ணே கூப்புட்டேன். தனியா ஒக்காந்து செவுத்தயே பாத்துக்கிட்டிருந்துச்சு. சும்மா பேசிக்கிட்டிருக்கட்டுமேன்னுதான்" என்றாள்.

செங்கமலம் மெதுவாகச் சொன்னாள். முதல் ஊசியிலிருந்தே நாக்கில் எதுவும் தெரியவில்லை. இரும்பை நக்கின மாதிரி ஒரு கசப்பு, அவ்வளவுதான். "நீங்க ஊட்டுற சோறு, கண்ணால பாத்தாதாங்க சோறு. வாயில போட்டா மண்ணு. அத உங்ககிட்ட எப்புடிச் சொல்றது? அம்மாம் பாடுபட்டு ஊட்டுறீங்க. இங்க வந்த மொத நாளு, பழக்கத்துல ஒரு காய எடுத்துக் கடிச்சுட்டேன். உறைச்சுதுங்க! நாக்குல சுள்ளுன்னு உறைச்சுது. எனக்கு அழுவாச்சியும் சிரிப்பும் ஒண்ணா வந்துருச்சு. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா தெரிய ஆரம்பிச்சுது. தண்ணி குளுமை, கூழுல உப்பு. ஒவ்வொண்ணும் திரும்ப வரவர, யாரோ நமக்குன்னு கொண்டாந்து குடுத்த மாரி இருக்கு. நாளைக்கு என்னாவோ, இன்னிக்கு இது கெடைச்சுதேன்னு இருக்கு."

ஊருக்குள் தை மாதத்தில் வெங்காய வாடை இல்லாத இடம் ஏது? அதனால்தான் அவள் மேலிருந்த வாடை அவருக்குத் தனியாகத் தெரியவில்லை.

அவள் அவருடைய முழங்காலைப் பார்த்தாள். வேட்டியில் கிணற்றங்கரைச் செம்மண் ஒட்டியிருந்தது. ஒரு காலில் செருப்பில்லை.

"கெணத்தையா எட்டிப் பாத்தீங்க?"

அவர் உதடு கோணியது. செங்கமலம் அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த மண்ணைத் தட்டிவிட்டாள். தட்டிய பிறகும் கையை எடுக்கவில்லை. பெண்கள் குனிந்து வேலையைப் பார்த்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் உத்திராபதிக்குக் கேட் புத்தி திரும்பி வந்தது. செங்கமலத்திடம் நம்பர் வாங்கி, தாள் கொடுத்த நர்ஸுக்கு அங்கிருந்தே போன் போட்டு நடந்ததைச் சொன்னார். ஸ்பீக்கரில் வந்த குரல் இருவரையும் சேர்த்துத் திட்டியது. இந்த நேரத்தில் உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இருக்காது, மண்ணில் கிடந்த காயைப் பச்சையாகத் தின்றால் வேறு வினை வந்துவிடும், காய்ச்சல் வந்தால் உடனே ஓடி வர வேண்டும், வேணுமானால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடட்டும் என்றது.

செங்கமலத்தின் முகம் சுருங்கியது. அம்பிகா எழுந்து, காய்ந்த தாளையும் சுள்ளியையும் கூட்டிப் பற்றவைத்தாள். தணலில் ஒரு கை வெங்காயத்தைப் போட்டு மூடினாள். தோல் கருகி, உள்ளே கூழாக வெந்த பிறகு ஒன்றை ஊதிப் பிதுக்கிக் கொடுத்தாள்.

செங்கமலம் வாயில் போட்டுக் கண்ணை மூடினாள். உத்திராபதி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உறைப்பு இல்ல" என்றாள். பிறகு கண்ணைத் திறந்தாள். "ஆனா, இனிக்குதுங்க!"

அவரும் ஒன்றை எடுத்துத் தின்றார். மெய்யாகவே இனித்தது. தானும் இந்த மூன்று மாதத்தில் எதையும் ருசித்துத் தின்னவில்லை என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. இன்னொன்றையும் எடுத்துக்கொண்டார்.

நான்காவது ஊசி போட்டதும் நாக்கு மறுபடி மரத்துப்போனது. மறுபடி ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆனால் இந்தத் தடவை காலையில் எழுந்ததும், "இன்னிக்கு ஏதாவது தெரியுதா?" என்று கேட்பார் அவர். "இல்லீங்க" என்பாள். ஒன்பதாம் நாள் அவர் வைத்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு தூக்கலு" என்றாள். உப்பு அதிகமானதற்காக ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை அந்தத் தெரு பார்த்ததில்லை. அரியமுத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆறு ஊசியும் முடிந்து பங்குனியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி பாதிக்குமேல் சுருங்கியிருக்கிறது, அடுத்து ஆபரேஷன், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். "பார்க்கலாம்" என்ற சொல்லை உத்திராபதி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தார். அதில் எது நல்லது, எது கெட்டது என்று பிடிபடவில்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் குன்னம் பஸ்ஸுக்கு நின்றபோது, செங்கமலம் டீ வேண்டும் என்றாள். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இஞ்சி தெரியுதுங்க."

உத்திராபதி தன் கிளாஸைக் குடித்துப் பார்த்தார். அவருக்குத் தெரியவில்லை. இவள் நம்மைத் தேற்றுவதற்குச் சொல்கிறாளோ என்று பட்டது. நேராக டீ மாஸ்டரிடம் போனார்.

"ஏம்பா, இதுல இஞ்சி போட்டிருக்கியா?"

"கொஞ்சமா தட்டிப் போட்டேங்க. ஏன், நல்லால்லீங்களா?"

"கொஞ்சமாத்தான?"

"ஆமாங்க, ரொம்பக் கொஞ்சம்."

உத்திராபதி திரும்பிப் பார்த்தார். தலையில் துண்டோடு, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செங்கமலம் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னும் ரெண்டு போடு" என்றார்.